தோள் மாற்று

சவரிமுத்து செத்து, அடக்கம் பண்ணி, கல்லறைச் சிமென்ட் காய்ந்து, அதன் மேல் ஒரு தரம் வெள்ளையும் அடித்த பிறகும் வேலைக்கு வந்துகொண்டுதான் இருந்தார். லேட்டாகவும் வரவில்லை, லீவும் போடவில்லை.

இந்தச் சேதியை இன்னாசிக்குச் சொன்னவள் செத்தவரின் பெஞ்சாதி ஞானப்பூ. உப்பு லாரிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவனைக் கைதட்டிக் கூப்பிட்டு, வெயிலில் நின்றபடியே சொன்னாள்.

"கொட்டகைக்கு அந்தக் கம்ப்யூட்டர் பொண்ணு வந்திருக்கு. உங்க அண்ணன் இன்னும் மூட்டை தூக்குதாவளாம். திரையில காமிச்சா. நடையப் பாத்தேன். அவியதான்."

இன்னாசி தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். "நல்லா இருக்காவளா மைனி?" என்று கேட்டுவிட்டான். கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று உறைத்தது.

"நல்லாத்தான் இருக்காவ," என்றாள் ஞானப்பூ. "இருமல்கூட இல்ல."

அவனுக்குப் பெரிதாக ஆச்சரியம் வரவில்லை. ஆச்சரியப்படவும் உடம்பில் கொஞ்சம் தெம்பு மிச்சம் இருக்க வேண்டும். உப்பு லாரி அதை மிச்சம் வைப்பதில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் பின்னால் நடந்தான்.

கொட்டகை பழைய துறைமுகத்து ரோட்டில், ஐஸ் பிளான்ட்டுக்கு அடுத்தது. சவரிமுத்து, இன்னாசி, பொன்னுலிங்கம் மேஸ்திரி எல்லோரும் ஒரு கூட்டமாக இருந்து, கப்பலுக்கும் சரக்கு வைக்கிற கிட்டங்கிக்கும் நடுவே மூட்டை சுமந்தவர்கள். கிரேன் வந்து தோளுக்கு வேலை இல்லாமல் போனபோது கம்பெனி ஒன்று வந்து அந்தக் கொட்டகையைப் பிடித்தது. உலகத்தின் உச்சியில் எங்கேயோ ஒரு துறைமுகமாம். அங்கே பனியில் சக்கரம் வழுக்கும். மனுசன் நின்றால் மூக்கு உதிரும். இரும்பில் செய்த ரோபோவால்தான் அங்கே நிற்க முடியும்; கூட்டம் அதற்கு வைத்த பேர் இரும்பாள். இரும்பாளுக்குப் பலம் இருந்தது, மூட்டையோடு நடக்கத் தெரியவில்லை. நடக்கத் தெரிந்தவர்கள் தூத்துக்குடியில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

கையுறை மாட்டி, தோளில் ஒரு பட்டை கட்டி, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு கொட்டகைக்குள் நின்ற இடத்திலேயே நடந்தால், அங்கே இரும்பாள் நடப்பான். ரெண்டுக்கும் நடுவே ஒரு பெட்டி. லினக்ஸ் சர்வர் என்பார்கள். உள்ளே போக ஆளுக்கொரு பேர், ஆளுக்கொரு பாஸ்வேர்ட். பேரை அடிக்க வேண்டியிருந்ததால் கூட்டம் மொத்தமும் எழுத்துக் கற்றது. இன்னாசி நாற்பது தாண்டிய பிறகு தன் பேரை முதல் தடவையாக எழுதிப் பார்த்தான். இத்தனை வருசமாக எல்லோரும் கூப்பிட்டது இவ்வளவு சின்னதா என்று இருந்தது.

எல்லாம் சொல்லிக் கொடுத்தவள், ஞானப்பூ சொன்ன அந்தக் கம்ப்யூட்டர் பெண் தமயந்திதான். விழுப்புரத்துப் பக்கத்துப் பெண். அப்போது கல்யாணமாகவில்லை. முதல் நாளே திரையின் மூலையைக் காட்டிச் சொன்னாள்: "வேலை முடிஞ்சு போறப்ப 'வெளியேறு'ன்னு இருக்கிற இதை அழுத்துங்க. சும்மா கண்ணாடியைக் கழட்டிட்டுப் போயிடாதீங்க. ஜன்னலை மூடறது வேற, வெளியேறறது வேற. வெறுமனே மூடிட்டுப் போனா, நீங்க இன்னும் உள்ளதான் இருக்கீங்கன்னு பெட்டி நினைச்சுக்கும்."

மேஸ்திரி கேட்டார்: "வெளியேறுனா தோள்ல இருக்க மூட்டை என்னாவும்?"

"கீழ வெச்சிடும்."

"எங்கன?"

"நிக்கிற இடத்துலயே."

"நடு வழியிலயா?"

"ஆமா."

கூட்டம் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டது. வெளியூர்ப் பெண், அதற்கென்ன தெரியும் என்று விட்டுவிட்டார்கள்.

பழைய துறைமுகத்தில் மூட்டையை நடுவழியில் இறக்கினவன் ஒருத்தன் கிடையாது. வயிறு கலக்கினாலும், வேலை முடிந்து சங்கு ஊதினாலும், மூட்டையோடு நிற்க வேண்டியதுதான். நின்று, இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்து கொடுத்தால் ஆள் கேட்கிறான் என்று அர்த்தம். அடுத்த முறைக்காரன் பின்னால் வந்து தோளை உள்ளே கொடுப்பான். கொடுத்துவிட்டு முதுகில் இரண்டு தட்டு. எம்மேல ஏறியாச்சு, நீ போ. தட்டு வாங்கினவன் விலகிப் போய்விட வேண்டும்; திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் பின்னால் நிற்கிறவனை நம்பவில்லை என்றாகிவிடும். தோள் மாற்று என்று அதற்குப் பேர். மூட்டையைப் போட்டுவிட்டுப் போனவனோடு யாரும் டீ குடிக்க மாட்டார்கள்.

ஆகவே அந்தப் பட்டனை ஒருத்தரும் அழுத்தவில்லை. சங்கு ஊதியதும் கண்ணாடியைக் கழற்றி ஆணியில் மாட்டினார்கள். மூட்டை இரும்பாளின் தோளிலேயே இருக்க, வீட்டுக்குப் போனார்கள். காலையில் வந்து மாட்டினால் மூட்டை அங்கேயே இருந்தது. இரும்பாளுக்குத் தோள் வலிக்கவில்லை. எல்லோருக்கும் திருப்தி.

பெட்டி மட்டும் சும்மா இருக்கவில்லை. உள்ளே ஆள் இருக்கிறான், ஆனால் அசையவில்லை. அசைந்தால் எப்படி அசைவான் என்று அது யோசிக்க ஆரம்பித்தது. ஒரு நாள் காலையில் வந்து பார்த்தால் மூட்டை தானாகக் கிட்டங்கிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. பரவாயில்லையே என்றார்கள். கொஞ்ச நாளில் கூட்டம் வந்து கையுறை மாட்டுவதற்குள் வேலை பாதி முடிந்திருந்தது. சவரிமுத்து இறந்தது அப்போதுதான். மூட்டை உள்ளே தோளில் இருக்க, டீ குடிக்கப் போனவர், கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, பெஞ்சிலேயே சாய்ந்தார். கொஞ்ச நாள் கழித்துக் கம்பெனி நன்றி சொல்லி, ஆளுக்கொரு சுவர்க் கடிகாரம் கொடுத்து, கொட்டகையைப் பூட்டிக்கொண்டது. கடிகாரம் நன்றாக ஓடுகிறது. நேரம் பார்த்துப் போக வேண்டிய இடம்தான் இல்லை.

கொட்டகைக்குள் தமயந்தி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பழைய பெட்டி, அதற்குப் பக்கத்தில் புதுப் பெட்டி.

"வாங்கண்ணா. சௌக்கியமா?"

"இருக்கேன். நீ என்ன செய்யுத?"

"புதுசுல ரிமோட் டெஸ்க்டாப் வெச்சிட்டிருக்கேன். எங்கிருந்து வேணும்னாலும் உள்ள நுழைஞ்சு, இங்கயே உட்கார்ந்த மாதிரி பார்த்துக்கலாம். இதை முடிச்சிட்டா இந்தக் கொட்டகைக்கு யாருமே வர வேண்டியதில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன்." கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே சொன்னாள். "சாயங்காலம் பழசுல ஓடறது அத்தனையும் புதுசுக்கு மாறுது. யார் யார்னு பார்த்தப்பதான் இவர் பேரும் இருந்துச்சு. அக்காகிட்ட சொல்லாம இருக்க மனசு வரலை."

"மாறுனா என்ன?"

"பழசு அப்பப்ப நிக்கும். இது நிக்கவே நிக்காது. உள்ள போறவங்களும் நிக்க மாட்டாங்க."

ஞானப்பூ கதவோரம் நின்றிருந்தாள். "பூசை வைக்கப்பல்லாம் சாமியாரு அவிய ஆத்துமாவுக்கு நித்திய இளைப்பாற்றின்னு சொல்லுதாவ. நானும் ஆமென் போட்டுட்டு வாரேன். இங்க வந்து பாத்தா மூட்டை. இதுல எது நெசம்?"

"அது அவர் இல்லக்கா," என்றாள் தமயந்தி மெதுவாக. "அவர் பழக்கம் மட்டும்தான்."

"நான் அவியகூட இருந்து குடும்பம் நடத்துனவ. பழக்கத்தக் கழிச்சா அவியகிட்ட மிச்சம் என்ன இருந்துது?"

தமயந்தி புதுப் பெட்டியின் ஒயரைச் செருகினாள். இன்னாசி கேட்டான்: "நீயே நிறுத்திப் போட்டா என்ன?"

"அந்தச் சாவி மேல இருக்கிறவங்ககிட்ட இருக்குண்ணா. கேட்டுப் பார்த்தேன். ஓடறதை ஏன் நிறுத்தணும்னாங்க. செத்துட்டார்னேன். வேலையில ஏதாவது குறை இருக்கான்னு கேட்டாங்க."

"இருக்கா?"

"இல்ல."

"ஒயரப் புடுங்குனா?"

"மறுபடி தானா சேர்ந்துக்கும். நான்தான் அப்படி வெச்சுக் கொடுத்தேன். கரண்ட் போனா மூட்டை விழுதுன்னு நீங்க எல்லாரும் அன்னைக்குச் சண்டைக்கு வந்தீங்களே, ஞாபகம் இருக்கா? இப்ப அவர் பேர்ல அவரா வெளியேறினாத்தான் உண்டு." திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள். "ஆனா ஒண்ணு பாருங்க. இது எனக்குப் புரியலை."

வெள்ளை வெளேரென்ற பாதையில் இரும்பாட்கள் வரிசையாக மூட்டையோடு போய்க்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் வளைவுக்கு வந்ததும் நடையைக் குறைத்தான். நின்றான். இடது பக்கம் லேசாகச் சாய்ந்து கொடுத்தான். மற்றவர்கள் அவனைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றவன், நிமிர்ந்து மறுபடி நடந்தான்.

"தினமும் இப்படிப் பல தடவை நிக்கிறார்," என்றாள் தமயந்தி. "எதுக்கோ காத்திட்டிருக்கிற மாதிரி."

"ஆளு கேக்குதாவ," என்றாள் ஞானப்பூ. குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "முறை முடிஞ்சுது, தோள் மாத்த ஆளு வாங்கடேன்னு கேக்குதாவ. ஒருத்தனும் போகல."

இன்னாசி ஆணியில் கிடந்த கையுறையை எடுத்து, உள்ளே பல்லி ஏதும் இருக்கிறதா என்று உதறிப் பார்த்து, மாட்டிக்கொண்டான். வலது சுண்டுவிரல் உள்ளே போகச் சிரமப்பட்டது. ஒரு காலத்தில் கொக்கி பட்டு நரம்பு போன விரல், மடங்கினது மடங்கினதுதான். அவன் ஓட்டிய இரும்பாளுக்கும் அந்த விரல் மடங்கியே இருந்தது. அங்கேயுள்ள மெக்கானிக் அதைக் கழற்றிப் பார்த்துவிட்டு, பழுது ஒன்றும் இல்லை என்று சொல்லித் திரும்ப மாட்டினான். அது மடங்கியே இருந்தது.

பேரை அடித்தான். பாஸ்வேர்டை அடித்தான். திரை கறுப்பாக நின்றது.

"தப்பா அடிச்சிட்டனோ?"

"சரியாத்தான் இருக்கு. ஒரு பேர்ல ஒருத்தர்தான் உட்கார முடியும். உள்ள ஏற்கனவே ஆள் இருந்தா இப்படித்தான் கறுப்பா வரும்."

"எம்பேர்ல உள்ள யாரு?"

"நீங்கதான்."

"நான் இங்கல்லா நிக்கேன்."

"அது அவருக்குத் தெரியாதுண்ணா."

இன்னாசி கறுப்புத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பஸ்ஸில் தன் சீட்டில் துண்டு போட்டு உட்கார்ந்திருப்பவனும் தானே என்றால் யாரோடு சண்டைக்குப் போவது? "சரி, வேற பேரு குடு," என்றான்.

தமயந்தி 'விருந்தாளி' என்று ஒரு பேரை உண்டாக்கினாள். "சும்மா நிக்கிற இரும்பாள் ஒண்ணு இருக்கு, அதுல போங்க. அங்க ஒருத்தரை ஒருத்தர் தொடக் கூடாதுன்னு இடைவெளி வெச்சிருக்காங்க. ரிப்பேர் வேலைன்னு போட்டு அதைக் கொஞ்ச நேரம் எடுத்துவிடறேன்."

"உன் வேலை போயிராதா?"

"சாயங்காலத்தோட எப்படியும் போகுதுண்ணா."

தோளில் பட்டையைக் கட்டிக் கண்ணாடியை மாட்டியதும் தூத்துக்குடி வெயில் அணைந்தது. கண் கூசும் வெள்ளை. அந்த இரும்பாள் நின்ற சுவரோரத்திலிருந்து இன்னாசி காலெடுத்து வைத்தான். கால் மறக்கவில்லை. பாதையில் வருகிறவர்கள் யாரென்று நடையை வைத்தே தெரிந்தது. முழங்காலைத் தூக்கித் தூக்கி வைத்துப் போனது பொன்னுலிங்கம் மேஸ்திரி. அவர் இந்நேரம் கோவில்பட்டியில் மகள் வீட்டில் படுத்துக்கிடப்பார். எழுந்து நடக்க முடியவில்லை என்று கேள்வி. இங்கே நன்றாக நடந்தார்.

அடுத்து வந்தவனுக்குச் சுண்டுவிரல் மடங்கியிருந்தது. இன்னாசி ஒதுங்கி வழி விட்டான். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. நடை கொஞ்சம் கோணல். இத்தனை வருசத்தில் ஒரு பயலும் அதைச் சொல்லவில்லையே என்று நினைத்துக்கொண்டான்.

பிறகு சவரிமுத்து வந்தார்.

வளைவில் நடை குறைந்தது. நின்றார். இடது பக்கம் சாய்ந்தார். இன்னாசி பின்னால் போய், குனிந்து, தோளை உள்ளே கொடுத்தான். தோளில் கட்டிய பட்டை இறுகிப் பாரம் இறங்கியது. கால் விரலால் தரையைப் பிடித்துக்கொண்டு, கையை எடுத்து, அந்த இரும்பு முதுகில் இரண்டு தட்டுத் தட்டினான்.

சவரிமுத்து நகரவில்லை. நம்பிக்கை வரவில்லை போலிருந்தது. இன்னாசி பாரத்தை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் வாங்கிக்கொண்டு மறுபடி தட்டினான். "போங்கண்ணே, எம்மேல ஏறியாச்சு," என்றான் கொட்டகையில் நின்றபடி. அங்கே அது கேட்டிருக்காது.

சவரிமுத்து விலகினார். திரும்பிப் பார்க்கவில்லை. சுவர் வரைக்கும் நடந்தார். போய் நின்று, கையைத் தலைக்குக் கொண்டுபோய், அங்கே இல்லாத துண்டை அவிழ்த்தார். ஓங்கி ஒரு உதறு உதறினார். அதைத் தோளில் போட்டுக்கொண்டு அப்படியே அடங்கினார்.

"சவரிமுத்து வெளியேறினார்," என்று தமயந்தி திரையைப் பார்த்து வாசித்தாள். "பட்டனே அழுத்தலை. முறை முடிஞ்சுதுன்னு பெட்டியே எடுத்துக்கிச்சு."

"துண்ட ஒதறுனத பாத்தியளா," என்றாள் ஞானப்பூ. "வீட்டுக்குள்ள வந்து ஒதறாதீய, சோத்துல தூசி விழுதுன்னு எத்தன தரம் சொல்லிருக்கேன்." சிலுவை போட்டுக்கொண்டாள். அதற்கப்புறம் கதவுக்கு வெளியே பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். அவள் முதுகு மட்டும் கொஞ்ச நேரம் குலுங்கியது.

"அண்ணா, நீங்களும் வந்துடுங்க," என்றாள் தமயந்தி. "அந்தப் பட்டன்தான்."

"மூட்டை தோள்ல இருக்கே."

"கீழ வெச்சிடுங்க."

இன்னாசி கிட்டங்கியைப் பார்த்து நடந்தான். கிட்டங்கிக் கதவு திறக்கவில்லை. விருந்தாளிக்கு அது திறக்காது என்றாள் தமயந்தி. அந்த அனுமதியும் மேலே இருக்கிறவர்களிடம்தான் இருந்தது. மூட்டையோடு வளைவுக்கே திரும்பி வந்தான்.

"சாயங்காலம் மாத்தறப்ப உள்ள இருந்தீங்கன்னா நீங்களும் அதோட போயிடுவீங்க. கண்ணாடியைக் கழட்டிட்டு வந்தாலும் விருந்தாளி அங்க நின்னுட்டிருப்பார்."

"எவ்வளவு நாளு?"

"அதான் சொன்னேனே, நிக்காதுன்னு."

"வச்சிட்டு வாய்யா," என்றாள் ஞானப்பூ திரும்பாமலே. "எனக்காவ வச்சிட்டு வா. யாரு பாக்கா அங்கன?"

"அண்ணன் மூட்டை மைனி," என்றான் இன்னாசி.

அவ்வளவுதான் சொன்னான். வளைவில் நின்று இடது பக்கம் சாய்ந்து கொடுத்தான். மேஸ்திரி அவனைச் சுற்றிக்கொண்டு போனார். வேறு யார் யாரோ போனார்கள். இப்படி எத்தனை பேர் தன்னைச் சுற்றிக்கொண்டு போகப் பார்த்திருப்பார் சவரி அண்ணன் என்று தோன்றியது. தமயந்தி கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் பெட்டியைப் பார்ப்பதுமாக இருந்தாள். இன்னாசிக்கு இடுப்பிலிருந்து நெஞ்சு வரைக்கும் கடுத்தது. இரும்பாளுக்கு வலிக்காது. வலி கொட்டகையில் இருந்தது.

பின்னால் யாரோ வந்து நின்ற மாதிரி இருந்தது.

தோள் ஒன்று உள்ளே நுழைந்தது. பக்குவமாக, வலது காலை முன்னால் வைத்து, மூட்டையின் கனத்த பக்கத்தை முதலில் வாங்கியது. இன்னாசியின் தோளில் பாரம் கரைந்தது. முதுகில் ஒரு தட்டு விழுந்தது. இன்னொரு தட்டு. ரெண்டிலும் சுண்டுவிரல் படவில்லை.

இன்னாசி விலகினான். கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. பிடித்து நிறுத்திக்கொண்டான். சுவரோரம் போய் நின்று, திரையின் மூலையில் இருந்த எழுத்தைக் கூட்டி வாசித்து, 'வெளியேறு' என்பதை அழுத்தினான். அந்தக் கூட்டத்தில் அதை அழுத்திய முதல் ஆள் அவன்தான்.

கண்ணாடியைக் கழற்றினதும் கொட்டகை இருட்டாகத் தெரிந்தது. ஞானப்பூ ஐஸ் பிளான்ட்டுக்கு எதிர்க் கடையிலிருந்து டீ வாங்கி வைத்திருந்தாள். சவரிமுத்து கடைசியாக டீ குடித்த அதே கடைதான். இன்னாசி ரெண்டு கையாலும் கிளாஸைப் பிடித்துக் குடித்தான்.

"யாரு தம்பி மாத்துனது?" என்று கேட்டாள்.

"தெரிஞ்ச ஆளுதான் மைனி."

தமயந்திக்குத் திரையில் பேர் தெரிந்திருந்தது. கொஞ்சம் தயங்கினாள். "அண்ணா, இன்னும் நேரமிருக்கு. உள்ள இருக்கிற உங்களையும் வெளிய கொண்டு வந்துடலாம். யாராவது ஒருத்தர் போய்த் தோள் கொடுத்தா போதும்."

ரோட்டில் உப்பு லாரிக்காரன் ஹாரன் அடித்தான். விட்டு வந்த மூட்டைகள் அப்படியே கிடக்கும். அங்கே தோள் மாற்றும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. இன்னாசி கையுறையை ஆணியில் மாட்டினான். துண்டை உதறப் போனவன், ஞானப்பூவைப் பார்த்துவிட்டு, உதறாமலே தலையில் கட்டிக்கொண்டான்.

"வேண்டாம்மா," என்றான். "அவனுக்காச்சும் நிரந்தர வேலை இருக்கட்டும்."